பின்னறை அடுப்பு

வீடுவீடாகக் குடும்பக் கணக்கெடுப்பவர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அத்தை விறுவிறுவென்று பின்னறைக்குள் நுழைந்து நாத்தனார் மகளை அதட்டினாள்.

"அந்த அடுப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளுடி. கேட்டா எல்லாரும் ஒண்ணாத்தான் சமைக்கிறோம்னு சொல்லணும். புரியுதா?"

புரியாமல் என்ன? போன கணக்கெடுப்பின்போதும் இதே நாடகம்தான். அப்போது அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்போது பத்தாவது படிக்கிறாள்.

பின்னறை என்பது பேருக்குத்தான் அறை. மாமா ஒரு காலத்தில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. மழை பெய்தால் சுவர் ஊறும். சுவர் ஊறினால் அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அப்பா இறந்த பிறகு, அம்மா தன் அண்ணனிடம் கேட்டு அங்கே வாடகைக்கு வந்தாள். வாடகை வாங்குவது வெளியே தெரிந்தால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று மாமாவுக்குப் பயம். அதனால் ஊருக்கு அவர் தங்கையை வைத்துக் காப்பாற்றும் தங்கமான அண்ணன்.

தெருக்கோடியில் கிடங்கை இடித்த இடத்தில் குறைந்த வாடகைக்கு வீடுகள் கட்டப் போவதாக ஒரு பேச்சு இருந்தது. அம்மா அதை நம்பித்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். போன கணக்கு வெளியானதும் அந்தப் பேச்சு அடங்கிப் போயிற்று. வார்டுக் கூட்டத்துக்குப் போய்வந்த மாமா வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார்: "நம்ம ஏரியால நூத்துக்கு எண்பது பேர் சொந்த வீட்டுக்காரங்க. இங்க எதுக்குய்யா வாடகை வீடு?"

இப்போது அதே வாசலில், கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வீடு சொந்தமா, வாடகையா சார்?"

"சொந்தம். பார்த்துப் பார்த்துக் கட்டினது."

"சமையல் எல்லாருக்கும் ஒண்ணாவா?"

"என் தங்கச்சி, அவ பொண்ணு, நாங்க, எல்லாரும் ஒரே குடும்பம்மா. பிரிச்செல்லாம் பாக்கறதில்ல."

அம்மா தரையைப் பார்த்தாள். மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, தனியாச் சமைச்சா என்ன ஆகும்?"

"ஏய் வாலு, உள்ள போ!" என்றார் மாமா.

"கேக்கட்டும் சார்" என்றாள் வந்தவள். "ஒண்ணாச் சமைச்சா ஒரே குடும்பம்னு போடுவோம்மா. தனின்னா தனிக் குடும்பம்."

"அப்ப நூத்துக்கு எண்பது பேருக்குச் சொந்த வீடுங்கறாங்களே?"

"அது தப்பு. எண்பது பேர் இல்ல, நூறு குடும்பத்துல எண்பது குடும்பம். வீடு அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்குச் சொந்தமா இருந்தாப் போதும்."

"எங்கம்மா பேர்ல ஒரு செங்கல்கூட இல்லையே. நாங்க எதுல வரோம்?"

"நீங்க தனியா வரவே மாட்டீங்க. உங்க மாமா குடும்பத்துக்குள்ள அடங்கிடுவீங்க."

அடங்கிடுவீங்க! அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. எதிர்வீட்டிலேயே சாப்பிட்டு மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் தையல்காரர், கல்யாணமாகியும் தனியே போக வழியில்லாமல் அப்பா வீட்டுக் கூடத்தில் திரை கட்டிப் படுக்கும் மெக்கானிக் அண்ணன், எல்லோருமே அந்த எண்பதுக்குள்ளேதான் கிடக்கிறார்கள். அவர்களையும் சொந்த வீட்டுக்காரர்களாக எண்ணித்தான் வாடகை வீடு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வாயைத் திறந்தால் இன்றைக்கே பெட்டி தெருவுக்கு வந்துவிடும். ஆனாலும் அவள் பின்னறைக்கு ஓடி, கட்டிலுக்கு அடியிலிருந்து அடுப்பை இழுத்துத் தூக்கிக்கொண்டு வந்து மாமாவின் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

"இது எங்க அடுப்பு. தொட்டுப் பாருங்கக்கா, இன்னும் சூடு ஆறல."

"திமிராடி? போக்கிடம் இல்லாம வந்து நின்னவங்களை உள்ள விட்டேன் பாரு!"

"சும்மாவா விட்டீங்க மாமா? மாசம் பொறந்தா வாடகை வாங்கல?"

வந்தவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "சின்னப் பொண்ணு சொல்றத எழுத முடியாதும்மா. நீங்க சொல்லுங்க."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே மிரட்டினார். மகள் மனசுக்குள் கெஞ்சினாள்: சொல்லும்மா. தயவுசெஞ்சு சொல்லும்மா.

அம்மா இருமினாள். இருமி முடித்துவிட்டு, "தனியாத்தான் சமைக்கிறோம். வாடகைக்குத்தான் இருக்கோம்" என்றாள்.

டேப்லெட்டில் விரல் ஓடியது.

"அப்ப வாடகைக்காரங்க மாதிரியே மாசக் கடைசில காலி பண்ணிடு" என்று கத்திவிட்டு மாமா உள்ளே போனார். அத்தை கதவை அறைந்து சாத்தினாள்.

வந்தவள் எதிர்வீட்டுப் பக்கம் நடந்தாள். மகள் அழுதுகொண்டே அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"இனி எங்கம்மா போவோம்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" அம்மா வெடுக்கென்று முந்தானையை உருவிக்கொண்டாள். மகள் அடுப்பை எடுக்கக் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"வைடி கீழ. உள்ள போய் அரிசியை எடுத்துட்டு வா."

எல்லோரும் பார்க்க, வாசலிலேயே அடுப்பைப் பற்ற வைத்தாள் அம்மா.