அம்மாவின் ஏகாதசி

குருநகர்ச் சேமக்காலையில் அப்பாவின் கல்லறைக் கல்லைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது, அம்மாவின் பெயரையும் அதில் வெட்டச் சொன்னாள் யசிந்தா. அருமைநாயகி, பிறப்பு 1949. இறப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் வெறுமையாக இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில் தாயின் கை நழுவியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா மீசாலையில் யாரோ வீட்டில் காய்ச்சலில் இறந்தாள் என்று மாதங்கள் கழித்துத்தான் செய்தி வந்தது. நாள் தெரியாததால், ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் திகதியும், சகல ஆன்மாக்களின் நாளில், மெழுகுதிரி கொளுத்தி வந்தாள். அந்த வீடு எதுவென்று முப்பது வருடம் கழித்து இந்த ஆவணியில்தான், கோவில் திருநாளில் கண்ட ஒரு பெண் சொன்னாள்.

மீசாலைக்குத் தேடிப் போன யசிந்தாவை அந்த வீட்டுக்காரி குணலட்சுமி வளவின் கோடிக்குக் கூட்டிப் போனாள். பனையடியில் ஒரு கற்குவியல். அதன்மேல் கவிழ்த்து வைத்த கோப்பை.

"கழுத்திலை செபமாலை கிடந்தது பிள்ளை. அதாலை சுடேல்லை, தாட்டனாங்கள்."

"எந்தத் திகதி அம்மா?"

"திகதி ஆர் பாத்தது? யுவ வருஷம், ஐப்பசி வளர்பிறை ஏகாதசி, விடியக்காலமை. குடிக்கப் பிளேன்ரீ கேட்டவ. ஊத்திக்கொண்டு வர முந்திக் கண் மூடிப்போட்டா. அந்த நாளிலை ஒவ்வொரு வருஷமும் ஒரு கோப்பை கொண்டந்து வைப்பன்."

யசிந்தா குனிந்து அந்தக் கோப்பையைத் தொட்டாள்.

"கல்லறைக் கல்லிலை வெட்டத் திகதி இலக்கம் வேணும் அம்மா."

"உங்கடை வருஷத்துக்கு இலக்கம், எங்கடை வருஷத்துக்குப் பேர்," என்று சிரித்தார் குணலட்சுமியின் கணவர் அருளம்பலம். "பொறு, எங்கடை ஐயர் பழைய பஞ்சாங்கம் ஒண்டும் எறியாத மனுசன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணித்தியாலத்தில் துண்டுக் கடதாசியோடு திரும்பினார். நவம்பர் 3, வெள்ளிக்கிழமை.

"ஐயோ, முப்பது வருஷமா ஒரு நாள் முந்தியெல்லோ கொளுத்தியிருக்கிறன்!"

"அதுக்கென்ன பிள்ளை? ஏகாதசி ஒரு வருஷம் ஐப்பசி முற்பகுதியிலை வரும், ஒரு வருஷம் கடைசியிலை வரும். நானும் ஒரே திகதியிலை கோப்பை வைக்கேல்லைத்தானே. கும்பிட்ட நாளெல்லாம் கடவுளுக்குத் தெரியும்."

யசிந்தா கல் வெட்டும் றெஜியைக் கைபேசியில் அழைத்து இலக்கத்தைச் சொன்னாள். பிறகு, "அதுக்குக் கீழை இன்னொரு வரி வெட்டு தம்பி. யுவ வருடம், ஐப்பசி, வளர்பிறை ஏகாதசி" என்றாள்.

"சேமக்காலையிலை ஏகாதசியோ அக்கா? பங்குச் சுவாமி ஏசப்போறார்."

"ஏசினால் நான் சொல்லிக்கொள்ளுறன். நீ வெட்டு."

அன்று ஏகாதசி இல்லை. ஆனாலும் குணலட்சுமி அடுப்படிக்குப் போய் பால் விடாமல் ஒரு பிளேன்ரீ ஊற்றி வந்தாள். கற்குவியலில் கிடந்த கோப்பையைக் கழுவி, அதில் வார்த்து, யசிந்தாவின் கையில் கொடுத்தாள்.

"இண்டைக்கு நீ வை பிள்ளை. சூடு ஆறமுந்தி."