மூன்றாவது கை

அமெரிக்காவின் டொலீடோ நகரில் வெர்னா ஸ்டோக்லிக்குப் பகலில் பல் மருத்துவரிடம் வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளோடுதான். தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, காதில் விழும் ஒவ்வொரு சுரத்தையும் கட்டம் போட்ட தாளில் குறிப்பாள். அதன்படி நீளமான காகிதச் சுருளில் துளை போட்டுத் தானியங்கி பியானோவில் மாட்டினால், ஆளில்லாமலே கட்டைகள் அமுங்கி எழும்.

1978 வசந்தத்தில் அவள் எடுத்துக்கொண்டது, தாடியஸ் கெய்ன்ஸ் நாற்பது வருடத்துக்கு முன் தனியாக வாசித்த தட்டு. இரண்டாம் நிமிடத்தில் பென்சில் நின்றுவிட்டது. வலது கை உச்சியில் ஓடுகிறது, இடது கை நடுவில் இருக்கிறது. அதே கணத்தில் அடியில் ஒரு கனத்த சுரம். இரண்டு கையால் ஆகாத காரியம். சுருளுக்கு அதனால் ஒன்றுமில்லை, எத்தனை துளை போட்டாலும் வாசித்துவிடும். ஆனால் சுருளை வைக்கும் பெட்டியின் மேல் வாசித்தவர் பெயரைப் போட வேண்டும்.

கெய்ன்ஸ் டெட்ராய்ட்டில் இருப்பது தெரிந்து, ஃபோனில் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். தாளைப் பார்த்த கிழவர், அந்தக் காலத்தில் தன் கை பெரிது என்றார். பீச் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த மனைவி அயோன் கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்கே, கையை விரிச்சுக் காட்டு தாட். அவங்க அளந்து பார்க்கட்டும்.”

அவர் காட்டவில்லை. பிறகு அவரே சொன்னார்: பதிவன்று காலை கார்க் கதவில் மணிக்கட்டு நசுங்கி வீங்கிவிட்டது. இடது கையால் அடிக் கட்டைக்கும் நடுக் கட்டைக்கும் மாறி மாறித் தாவ முடியவில்லை. அயோன்தான் பக்கத்தில் நின்று அடிச் சுரங்களை வாசித்தாள்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று வெர்னா கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றார் அயோன்.

“நான் சொல்லியிருக்கணும்,” என்றார் தாடியஸ். “எல்லாரும் என் இடது கையைத்தான் புகழ்ந்தாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.”

அயோன் பலகாரத்தைத் தட்டுகளில் வைத்தார். கணவருக்கு வைத்த துண்டு மட்டும் சிறியது. அவர் அதைத் தின்று முடித்தார். கிளம்பும்போது, பெட்டியில் இரண்டு பெயரும் வரவேண்டும் என்று வெர்னாவிடம் அவரே சொன்னார்.

ஆகஸ்டில் சுருள் தயாரானதும் இருவரும் டொலீடோவுக்கு வந்தார்கள். அடிக் கட்டைகள் தாமாக அமுங்குவதை அயோன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரப்படுறே நீ,” என்றார் தாடியஸ்.

“அன்னைக்கும் இதைத்தான் சொன்னே. பேசாம கேளு.”

அவர் பேசாமல் கேட்டார்.