செத்த கிருமி

ஊரில் பாதிப் பேரின் மூக்கில் குச்சி விட்டவன் அவன். பரிசோதனைக் கூடத்தில் சளி மாதிரி எடுக்கும் வேலை. கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். மூச்சுக்குத் திண்டாடி ஒருவழியாகப் பிழைத்து வந்தான், மனைவி வரவில்லை.

மகளை மச்சினி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கிருமி இல்லையென்று தெரிந்த பிறகு தருகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அக்காவைப் பறிகொடுத்தவள். ஒருமுறை நெகட்டிவ் வந்தது. மகளை அழைக்கக் கிளம்புவதற்குள், வேலையில் திரும்பச் சேர எடுத்த பரிசோதனையில் பாழாய்ப்போன பாசிட்டிவ் மறுபடியும் வந்து நின்றது. அடுத்த தடவையும் அதே கதை.

நோய் கடுமையாக வந்துபோன சிலருக்கு இப்படிப் பாசிட்டிவ் திரும்ப வரும் என்றார் டாக்டர். பெரும்பாலும் செத்த கிருமியின் துணுக்குகள்தான், யாருக்கும் ஒட்டாது என்றார். அந்தப் ‘பெரும்பாலும்’ அவனைப் பிடித்துக்கொண்டது. மனைவியைக் கொன்றது, தானும் செத்து, இவன் மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது. பட்டப்பகலில் சமையலறையில் அவள் இருமுவது கேட்டது. அவன் எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னதற்கெல்லாம் மச்சினி மசியவில்லை. கடைசியில் தொழில் புத்தியைக் காட்டினான். தன் மாதிரியைத் தானே எடுத்தான். குச்சியை உள்ளே விடாமல் மூக்கின் ஓரத்தில் பட்டும் படாமலும் தடவிக் குப்பியில் போட்டான். இப்படி எடுத்த எத்தனை பேரை அவனே திட்டித் தீர்த்திருக்கிறான். முடிவு நெகட்டிவ்.

மச்சினி அன்றைக்கே மகளைக் கூட்டிவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாமா, பயந்துட்டேன். போதும், புள்ளையத் தூக்குங்க."

மகள் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். குச்சியை ஓரத்தோடு நிறுத்தி வாங்கிய நெகட்டிவ் அது, டாக்டரின் ‘பெரும்பாலும்’ பொய்த்திருந்தால் என்று அப்போதுதான் நினைத்தான். கொரோனா தொற்றிய அன்றும் இப்படித்தான், வெறும் தொண்டைக் கரகரப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர் வரைக்கும் பின்வாங்கினான். மகள் கூடத்தின் நடுவே நின்றுவிட்டாள். விரித்த கைகளை மெல்ல மடக்கிக்கொண்டு மச்சினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சித்தி, எனக்குக் கொரோனா வந்துடுச்சா?"