மணிமாறன் செய்த கசிவுமானிகள்

நாகல் நகரில் பூட்டுக்கடை வைத்திருக்கும் மணிமாறன், தன் மனைவியை எதற்கும் தடுத்ததே கிடையாது. இதை அவனே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். "எம் பொண்டாட்டிக்கு நான் ஃபுல் சுதந்திரம் குடுத்திருக்கேன்" என்று அவன் சொல்வதைக் கேட்டால், அந்தச் சுதந்திரம் அவன் கடையில் தயாராகி, பட்டறையில் ராவி, சாவியோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தது போலத் தோன்றும். புவனேஸ்வரி கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கியபோது தெருவுக்கே லட்டு கொடுத்தான். லட்டு தின்றவர்களில் பாதிப் பேர், லைசென்ஸ் வாங்கியது மணிமாறன் என்று நினைத்து அவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவனும் மறுக்கவில்லை.

புவனேஸ்வரி நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தை மாதம் அந்தக் கார் எஞ்சின் சூடேறிப் புகை விட்டது. ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ கசிகிறது என்பது மட்டும் தெரிந்தது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றாள் புவனேஸ்வரி. மணிமாறனுக்கு அது கௌரவப் பிரச்சினை. பூட்டின் வயிற்றுக்குள் இருப்பதை விரல் நுனியில் உணர்கிறவன், ஒரு தண்ணீர்க் கசிவுக்கு இன்னொருத்தன் காலில் விழுவதா?

இரண்டு நாள் செல்போனில் வீடியோ பார்த்தான். பிறகு கருவி செய்தான். பழைய ரேடியேட்டர் மூடியில் துளை போட்டு, அதில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி, காற்று அளக்கும் மீட்டர் ஒன்றை ஒட்டி, சுற்றிலும் காற்றுப் போகாமல் இருக்க புவனேஸ்வரியின் குக்கர் கேஸ்கட்டை வெட்டி வைத்தான். அன்றைக்குக் குக்கர் விசில் அடிக்கவில்லை. அரிசி அரிசியாகவே தட்டுக்கு வந்தது. ஆனால் கருவி வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. சைக்கிள் பம்பால் காற்றடித்து, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவியதும், கீழ்க் குழாய் மாட்டியிருந்த இடத்தில் நுரை பொங்கியது. இறுக்கினான். கசிவு நின்றது.

அதற்குப் பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேக்கரி வைத்திருக்கும் அவன் சிநேகிதன் ராயப்பராஜ் தினம் வந்து கருவியைத் தடவிப் பார்த்து, "மாப்ளே, நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லடா" என்பான். அவன் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் இருவரும் கடைசி வரை முடிவு செய்யவில்லை. கேஸ்கட் இல்லாத குக்கரோடு புவனேஸ்வரி அந்த வாரத்தை ஓட்டினாள்.

மே மாதக் கடைசியில் பதவி உயர்வுக் கலந்தாய்வு நடந்தது. புவனேஸ்வரிக்குத் தலைமை ஆசிரியை பதவி கிடைத்தது. பள்ளி, கன்னிவாடியைத் தாண்டி மலையடியில் ஒரு கிராமத்தில். கன்னிவாடி வரைக்கும் பஸ் உண்டு. அதற்கப்பால் ஒரு மினி பஸ், அதுவும் தன் மனசுப்படி வரும். கார் ஓடினால் அவள் தலைமை ஆசிரியை. ஓடாவிட்டால், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றவரை மறுபடி கூப்பிடச் சில வருஷம் ஆகும். அப்போது அவள் ஓய்வு பெறும் வயதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டாளே தவிர, குளிக்கும்போதும் இட்லிக்கு மாவு ஊற்றும்போதும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் தான் நிற்பதாகவே அவள் மனசு ஓடிக்கொண்டிருந்தது. கழிப்பறைக்கு முதலில் தண்ணீர் வசதி, அப்புறம் ஆய்வகத்துக்குப் பூட்டு அலமாரி என்று வரிசைகூடப் போட்டுவிட்டாள்.

மணிமாறன் அன்றைக்கும் லட்டு கொடுத்தான். சரியாக அந்த வாரமே கார் மறுபடி கசியத் தொடங்கியது.

"என்னன்னு தெரியல புவனா. நேத்து ரொப்பி வச்ச தண்ணி, இன்னைக்குப் பாதி இல்ல" என்று காலையில் வந்து சொன்னான். முகத்தில் அப்படி ஒரு வருத்தம். "நீ ஒண்ணும் கவலப்படாத. கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

பழைய கருவியை மாட்டிப் பார்த்தான். மீட்டர் முள் அசையாமல் நின்றது. அதாவது கசிவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னான். அடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, டாக்டர் போல ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் கேட்டான். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி நன்றாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை தெளிவாகக் கேட்டது. அந்தச் சண்டையில் தன் பெயரும் அடிபட்டதால் அரை மணி நேரம் கூர்ந்து கேட்டான். கசிவு மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவது கருவிதான் உச்சம். மஞ்சள் தண்ணீரில் நீல விளக்கு அடித்தால் பளபளவென்று ஒளிரும் என்று எங்கேயோ பார்த்துவிட்டான். பேக்கரியில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கை ராயப்பராஜ் எடுத்து வந்தான். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி, செத்த நேரம் எஞ்சினை ஓட விட்டார்கள். இருட்டு வேண்டுமே என்று நட்ட நடு மத்தியானத்தில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் எஞ்சினுக்குள் தலையை விட்டார்கள். வெளியே நாலு கால் மட்டும் தெரிந்தது.

"மாப்ளே!" என்று கம்பளிக்குள் ராயப்பராஜ் அலறினான். "இங்கிட்டு மின்னுது! அங்கிட்டும் மின்னுது! பேட்டரிலகூட மின்னுதுடா!"

வியர்த்து வழிய வெளியே வந்த மணிமாறன், ஆபரேஷன் முடித்த டாக்டர் உறவினரிடம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னான். "எல்லா எடத்துலயும் லீக் புவனா. அம்புட்டும் போச்சு. ஒண்ணும் செய்ய முடியாது."

பேட்டரிக்குள் ரேடியேட்டர் தண்ணீர் எப்படிப் போகும் என்று புவனேஸ்வரி யோசித்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு எஞ்சின் முழுக்க மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான். பேட்டரிக்குக் கூடுதலாக ஒரு பட்டை வேறு போட்டிருந்தாள். அதைச் சொன்னாள். ராயப்பராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மணிமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளு, எதுக்கும் அதுக்குள்ள எழுதிக் குடுத்துரு புவனா. இந்தக் கார நம்பி மலையடிவாரத்துல நடு ரோட்டுல நிக்க முடியுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். முடிவு உன் இஷ்டம். நான் எதுக்கும் தடையா இருக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுத்தான் அவளுக்குள் ஏதோ நெருடியது.

ஏழாம் வகுப்புக்கு அவள் வருஷா வருஷம் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆகிறது என்று பார். காருக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தாள். காலையில் தண்ணீர் குறைந்திருந்தது. தாள்கள் அப்பளம் போலக் காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு இல்லை. இடையில் மணிமாறன் சரக்கு விஷயமாக மதுரைக்குப் போய்த் தங்கினான். அவன் இல்லாதவரை தண்ணீர் இம்மியும் குறையவில்லை. அவன் திரும்பி வந்த மறுநாள் காலை, மறுபடி பாதி.

புவனேஸ்வரி சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் உடனே வரவில்லை. முதலில் வந்தது அவமானம். அந்த லட்டு, அந்த வருத்தமான முகம், 'உன் நல்லதுக்குத்தான்' எல்லாவற்றையும் நம்பி, இந்த மனுஷனுக்குப் பாவம் பார்த்து, கேஸ்கட் இல்லாத குக்கரில் சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று அவன் தன் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வேலையைக் காரிடம் ஒப்படைத்திருக்கிறான்.

ஆனாலும் அறிவியல் டீச்சர். சோதிக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. கார் நிற்பது வீட்டை ஒட்டிய கம்பிக் கதவு போட்ட ஷெட்டில். அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும். கணவன் கடைப் பூட்டைப் போட்டால் அதைத் திறப்பது அவனுக்குக் காப்பி ஆற்றுவது மாதிரி. எனவே புவனேஸ்வரி, கல்யாணமான நாளாக அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். தெருவில் இறங்கி, எதிர்ச் சாரியில் மணிமாறனோடு பேச்சுவார்த்தை இல்லாத அய்யனாரின் பூட்டுக்கடைக்குள் நுழைந்து, காசு கொடுத்து ஒரு பூட்டு வாங்கினாள். அய்யனாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இருப்பதிலேயே கெட்டியான பூட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் படியிறங்குவதற்குள் செய்தி நாகல் நகரைச் சுற்றி வந்துவிட்டது.

மணிமாறன் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான். "ஏ புவனா, என்ன காரியம் பண்ணிருக்க? அந்தாளு கடைப் பூட்டு எதுக்கு நம்ம வீட்டுல? எம் மானத்த வாங்கிட்டியே!"

"பூனை போய் எஞ்சின் மேல படுத்துக்கிருதுங்க. அதான் பூட்டி வச்சேன்."

"நான் குடுத்திருக்க மாட்டேனா ஒரு பூட்டு?"

"கடைல வியாபாரமா இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு பாத்தேன்" என்றாள், அவன் சொல்வது போலவே தாழ்ந்த குரலில்.

"சரி, சாவியக் குடு. புதுசா ஒரு கருவி செஞ்சிருக்கேன்."

"பாவம், எத்தன நாளாக் கஷ்டப்படுறீங்க. நாலு நாள் ரெஸ்ட் எடுங்க. திங்கக்கெழம பாப்போம்."

சாவியைத் தாலிக்கொடியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மணிமாறன் அந்த நாலு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பூட்டைப் பற்றி ராயப்பராஜிடம், "சும்மா வெளிப்பூச்சுடா, உள்ள ஒண்ணும் இருக்காது" என்றான்.

பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலை, நல்ல பருத்திச் சேலை கட்டிக்கொண்டு புவனேஸ்வரி ஷெட்டுக்குப் போனாள். பூட்டின் சாவித் துளையைச் சுற்றிலும் புதுக் கீறல்கள். கம்பியும் ரம்பத் துண்டும் வைத்து யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். மெல்லிய பித்தளைத் தூள்கூடத் தரையில் கிடந்தது. உள்ளே வாடா என்று கூப்பிட்டாலும் எந்தப் பூனையும் இந்த வேலை பார்க்காது. கதவைத் திறந்து, முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர், பூட்டுவதற்கு முன் தண்ணீர் டப்பாவில் அவள் பேனாவால் போட்ட கோட்டிலேயே நின்றது.

மணிமாறன் பல் துலக்கியபடி வாசலில் நின்றான். ராயப்பராஜ் வழக்கம்போல வந்திருந்தான்.

"ஏங்க, கூட வாங்க. மொத நாள், பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றாள். சிநேகிதன் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவன்தான் எதற்கும் தடை சொல்லாதவன் ஆயிற்றே. சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியாயிற்று. சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள். வண்டி சீராக ஓடியது. மணிமாறனின் பார்வை வெப்பம் காட்டும் முள்ளை விட்டு அசையவில்லை. அது பாதியில் நின்றுகொண்டிருந்தது. கன்னிவாடி நெருங்கும்போது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உலக அதிசயத்தைக் கண்டவன் போலக் கேட்டான்.

"முள்ளு ஏறவே இல்லையே புவனா?"

"ஏறாதுங்க. லீக்கு இன்னைக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குல்ல."

அவன் முகம் சுண்டிப் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கே பார்த்தபடியே, குரலே எழும்பாமல் பேசினான்.

"நீ ஹெச்எம் ஆயி, காரும் கையில வந்துட்டா, எனக்கு வீட்டுல என்ன வேலைன்னு இருந்துச்சு. வேற என்ன செய்யிறது? வேணாம்னு நேரா சொல்லிருந்தா நீ கேட்டிருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று புவனேஸ்வரி ஒரு கணம் நினைத்தாள். இத்தனை வருஷத்தில் அவன் வேண்டாம் என்று முகத்தைச் சுளித்த எதையும் அவள் செய்ததில்லை. தோழிகளோடு போகவிருந்த கொடைக்கானல் பயணம், மேல்படிப்பு எல்லாமே அப்படிப் போனவைதான்.

"கேட்டிருப்பேங்க" என்றாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும், அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்பேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நல்ல வேள, உங்களுக்குத் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மலையடிக்குப் போகும் சாலையில் காரைத் திருப்பினாள்.