கைதட்டும் பொறுப்பு

...இல்லை, இது முடிவு இல்லை, முடிவு மாதிரி ஒரு பாவனை, அவ்வளவுதான் என்று பிச்சுமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தொடைக்கு அடியில் செருகியிருந்த வலது கையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தார், வெளியே விட்டால் அது தன்பாட்டுக்கு ஆதிதாளம் போட ஆரம்பித்துவிடும், மட்டாஞ்சேரி சங்கீத சபாவில் பதினெட்டு வருஷம் காரியதரிசியாக முன்வரிசையில் உட்கார்ந்து வளர்த்த கை, ஆனால் இது சபா இல்லை, கோட்டைக்கொச்சியில் பறங்கிகள் கட்டின பழைய சர்ச், சுவரெல்லாம் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள், செத்தவர்கள்கூட இருமாமல் கேட்கிற இடம், இங்கே தாளம் கூடாது, பலே கூடாது, தலையை ஆட்டுவதும் அளவோடு, கைதட்டலாம், அதுவும் கடைசியில் மட்டும், கடைசி எது என்று... அங்கேதான் சிக்கல். கையிலிருந்த அச்சடித்த தாளில் நாலு பாகம் என்று போட்டிருந்தது. இப்போது ஒன்று முடிந்தது. ஒன்று. கம்பெனித் துரையின் சம்சாரம், ஆபீஸுக்கு மேடம், வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே (பாவம், உட்கார ஒரு ஜமக்காளம் போட யாருக்கும் தோன்றவில்லை) பியானோவில் இருந்த பாதிரியாரைப் பார்த்தாள், இரண்டாவது ஆரம்பித்தது, அழுத்தமாக, மெதுவாக, தூக்கம் வருகிற மாதிரி.

திங்கட்கிழமை துரை கூப்பிட்டுச் சொன்னபோது எதற்காகத் தலையை ஆட்டினோம்? உனக்குத்தான் சங்கீதம் தெரியுமே பிச்சுமணி, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார், நீ தட்டினால் நம் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேரும் தட்டட்டும், அதற்கு முன்னால் ஒரு கைகூட அசையக்கூடாது என்றார் துரை, மிளகையும் சுக்கையும் மோந்து பார்த்தே தரம் சொல்லுகிற மூக்கு, அந்த மூக்கு இவர் பொய்யை மட்டும் மோப்பம் பிடிக்கவில்லை, தெரியும் சார், நன்றாகவே தெரியும் சார் என்றாகிவிட்டது, அடுத்த வாரம் ஆலப்புழைக் கிளைக்கு மானேஜர் பெயரை எழுதப்போகிற பேனா மேஜைமேல் கிடக்கும்போது வேறென்ன சொல்வது? இதுவரை வெள்ளைக்காரன் மட்டுமே உட்கார்ந்த மானேஜர் நாற்காலி. வீட்டில் கமலாக்ஷி கேட்டாள், "நமக்கு எந்தா அறியும் அந்தப் பாட்டு? பேசாம பல்வலின்னு லீவு எடுத்துக்கோங்கோ." எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் இந்த இடத்தில் ஆபீஸில் அடுத்த மேஜை ராமபத்ரன் உட்கார்ந்திருப்பான், இப்போது சரியாகப் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் மூச்சு விடுகிறான், உள்ளே நுழையும்போதே, "அண்ணா, சம்சயம் வந்தா பின்னால திரும்பி ஒரு கண்ணு காட்டுங்கோ, நான் தட்டிடறேன்" என்று கரிசனமாகச் சொன்ன பயல், ஆலப்புழையில் வீடுகூடப் பார்த்து வைத்திருப்பான்.

போன வருஷம் இதே கச்சேரியில் நடுவில் யாரோ தட்டி, ஆபீஸ் முழுக்கச் சேர்ந்து தட்டி, மேடம் பாதியில் வில்லைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போய் மூன்று நாள் வெளியே வரவில்லை. எடைக்கார ராசப்பன்தான் ஆரம்பித்தது என்று முடிவாயிற்று, பெரிய கை, சத்தம் அதிகம். மெமோவை எழுதினது பிச்சுமணி, ராசப்பன் தராசை விட்டு வெயிலில் இஞ்சி உலர்த்தப் போனான். "சத்தியமா நான் இல்ல சாமி, முன்வரிசையில இருந்து சத்தம் கேட்டுச்சு, அப்புறம்தான் தட்டினேன்." "முன்வரிசையில துரைமார்னா இருந்தா, வாயை மூடு" என்று அதட்டினதும் பிச்சுமணிதான்.

நின்றுவிட்டது. இரண்டு. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள், நாற்பது ஜோடிக் கண்ணும் இவர் தோள்பட்டையைத் தின்கின்றன, கழுத்துப்பட்டைக்குள் வேர்வை ஓடுகிறது, அசையாதே, இன்னும் இரண்டு இருக்கிறது... மறுபடி ஆரம்பித்தது, இது மூன்றாவது, வேகம், பியானோ துரத்துகிறது, வயலின் ஓடுகிறது, இரண்டும் எங்கேயோ முட்டி, பெரிய சத்தம், நின்றது. மூன்று. இன்னும் ஒன்று.

நிசப்தம். மேடம் வில்லை இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் இறக்கத்தானே செய்தாள்? பாதிரியார் கையை மடியில் வைத்துக்கொண்டார். முன்னேயும் வைத்தாரா? ஆரம்பியுங்களேன்... அந்த இரண்டாவது, தூங்கி வழிந்தது, நடுவில் திடீரென்று துள்ளிக் குதித்ததே, பாகவதர் விருத்தத்தை முடிக்காமலே கிருதிக்குள் நுழைகிற மாதிரி இரண்டு பாகத்தை ஒட்டி வாசித்துவிட்டார்களோ? அப்படியானால் நாலு ஆயிற்று. அப்படியானால் முடிந்துவிட்டது. மேடத்தின் உதடு துடிக்கிறது, அது புன்னகைக்கா அழுகைக்கா, தட்டு, இல்லை தட்டாதே, தட்டு... வலது கையை உருவினார், வரவில்லை, அத்தனை நேரம் அமுக்கி வைத்ததில் மரத்துப்போய் வேறு யாருடைய கை மாதிரியோ கிடந்தது.

வேறு வழியில்லாமல் ஓரக்கண்ணால் துரையைப் பார்த்தார். துரை மேடத்தைப் பார்க்கவில்லை. துரையின் கைகள் இரண்டும் முழங்காலுக்கு மேல் ஓரங்குலம் எழும்பி அந்தரத்தில் நின்றன, கண் பிச்சுமணியின் மடியில் இருந்தது, பரீட்சையில் அடுத்தவன் தாளைப் பார்க்கிற கண், ஓ, துரைக்கும் தெரியாது... போன வருஷம் முன்வரிசையில் முதலில் தட்டினது... ராசப்பன் இன்று கடைசி பெஞ்சில் தூணோரமாக, அந்தப் பெரிய கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வரும்போது பார்த்தோமே. மெமோவில் என்ன எழுதினோம்? 'விசாரித்ததில் தெரியவந்தது' என்றா?

விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.