கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

இந்த அட்ஜஸ்ட் என்கிற இங்கிலீஷ் சொல்லை எவன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினானோ, அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் செங்கொடி துடைப்பத்தாலேயே நாலு சாத்து சாத்தியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'சரிசெய்தல்' என்று ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சத்தையெல்லாம் விம்கோ நகருக்கு வாழவந்த பிறகு கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் ஒருத்தன் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சொன்னால் 'நீ நகரு' என்று பொருள். வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டில் சூபர்வைசர் சொன்னால் 'இன்னைக்கும் சும்மா ஓவர்டைம் பாரு' என்று பொருள். மாமியார் சொன்னால் வாயை மூடு. புருஷன் ஜெகதீசன் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது, நீயே பார்த்துக்கொள். தெருமுனை மெக்கானிக் நசீர் ஒருவர்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்த பிறகு அந்தச் சொல்லைச் சொல்வார். பொறுத்துப்போ, விட்டுக்குடு, அனுசரிச்சுப்போ, கண்டுக்காதே என்று தமிழில் அதற்கு எத்தனையோ பேர் உண்டு. இங்கிலீஷில் சொல்லிவிட்டால் மட்டும் கேட்கிறவளுக்கு நாற்றம் தெரியாதாம்.

நாற்றம் நன்றாகவே தெரிந்தது. ஆனி மாச ஆரம்பத்தில் தெருக்குழாயில் சாக்கடை கலந்தது. முதலில் லேசான மஞ்சள், அப்புறம் டீத்தண்ணி நிறம், அப்புறம் சொல்லவே கூசுகிற சங்கதிகள் எல்லாம் குடத்தில் மிதந்தன. தெருக்காரர்கள் குடிநீர் வாரிய ஆபீசில் போய்க் கேட்டார்கள். 'பைப் மாத்தணும், டைம் ஆகும், அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்று பதில் வந்தது. தண்ணி லாரியாவது அனுப்புங்கள் என்றார்கள். லாரி இல்லையாம். அதற்குள் செங்கொடியின் ஆறு வயசு மகள் கீர்த்திக்குக் கண் மஞ்சளாகி, பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. காமாலை முற்றிப்போய் அது மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த கோலத்தைச் செங்கொடி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பிள்ளை இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

இந்த லட்சணத்தில் ஆடி ஞாயிறு வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். தெருவே கூடி, வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்கி, சனிக்கிழமையே களி கிண்டி வைத்தாகிவிட்டது. ஞாயிறு காலையில் செங்கொடி வெளியே வந்தபோது ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே இரண்டு பெரிய அண்டாக்கள். கூழ் கிண்டுகிற முத்தம்மா களியை உருட்டி உருட்டி அண்டாவில் போட, இரண்டு பேர் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகப் பிடித்து அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

விழாக் குழுத் தலைவர் கிருஷ்ணப்பன் மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக நின்றுகொண்டிருந்தார். செங்கொடி நேராக அவரிடம் போனாள்.

"அண்ணா, இன்னா பண்ணிகினு கீறீங்க? அந்தத் தண்ணி மோந்து பாத்தீங்களா? பீ நாத்தம் நாறுது!"

"நல்ல நாளும் அதுவுமா இன்னா வார்த்தம்மா பேசற? வேப்பல போட்டுக்கீது. மேல மோரு ஊத்துனா ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னா இல்லன்னு ஆயிடுமா? எம் பொண்ணு பொழச்சது மறுஜென்மம். தெருல கீற அத்தினி கொயந்தைங்களும் வந்து குடிக்கும்ணா!"

"அதான் காய்ச்சியாச்சேம்மா."

"காய்ச்சுனது களி. கரைக்கறது பச்சத் தண்ணி! உங்களுக்குத் தெரியாதா?"

கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். கூழ் குடித்து வளர்ந்த உடம்புதானே அது. அவர் குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பெரிய மனசோடு சொன்னார்: "தங்கச்சி, காப்பு கட்டியாச்சு. வார்டு ஆளுங்க வர்ற டைம். ஒரு நாளு தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். எதிர்வீட்டு ரேகாவும் ஆட்டினாள், அவள் பிள்ளை அனிஷா ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தும். ஜெகதீசன் ஓடிவந்து செங்கொடியின் முழங்கையைப் பிடித்தான். "வாம்மே வூட்டுக்கு. ஊரோட ஒத்துப் போவணும்."

சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! செங்கொடிக்கு அவர்கள் எல்லோர் மேலும் அருவருப்பாக வந்தது. சாக்கடையைக்கூட மன்னிக்கலாம், அது தன் பாட்டுக்கு ஓடுகிறது. இவர்கள் அதை மொண்டு, சாமி பேரைச் சொல்லி, பச்சைப் பிள்ளைகள் வாயில் ஊற்றப் பார்க்கிறார்கள். அதற்குள் பிள்ளைகள் சொம்பும் டம்ளருமாக வரிசை கட்டிவிட்டார்கள். வரிசையின் கடைசியில், சுவரைப் பிடித்துக்கொண்டு, கீர்த்தி நின்றிருந்தது.

செங்கொடி புருஷன் கையை உதறினாள். விறுவிறுவென்று போய் முதல் அண்டாவுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். எடுத்தாள். கூழ் சொட்டச் சொட்ட இரண்டாவது அண்டாவிலும் விட்டாள்.

"ஐய, இன்னாடி பண்ற!" என்று முத்தம்மா அலறினாள்.

"நான் வூட்டுக்குத் தூரம்," என்றாள் செங்கொடி, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. "இன்னிக்கி ரெண்டாம் நாளு."

ஸ்பீக்கரை யாரோ நிறுத்தினார்கள். முத்தம்மா துடுப்பைக் கீழே போட்டாள். களி உருட்டியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளை அம்மாக்கள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அரைகுறையாகக் கரைத்த கூழில் ஒரு சொட்டுக்கூட யார் வாயிலும் படவில்லை. மேலே மோரு ஊற்றலாம் என்றோ, ஒரு நாள்தானே என்றோ ஒரு நாக்கும் எழும்பவில்லை. பீத்தண்ணி ஆகும், பொம்பளை கை ஆகாது! அவளுக்கு அவ்வளவு அருவருப்பிலும் சிரிப்பு வந்தது. ஆத்தாவும் பொம்பளைதானே, அவளுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தீட்டு! தீட்டாயிடுச்சு!" என்று கிருஷ்ணப்பன் வார்டு கவுன்சிலருக்குப் போன் போட்டுக் கத்தினார். "அண்டா, பந்தலு, கோயிலு அல்லாம் கயுவணும். நல்ல தண்ணி ஓணும். இப்பவே ஓணும் தலைவரே!"

அவ்வளவு நாள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் வராத தண்ணி லாரி, ஒரு மணி நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கூழை அப்படியே சாக்கடையில் கொட்டினார்கள். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். கோயில் வாசலைக் கழுவினார்கள். வீட்டுக்கு வீடு மறுபடி மாவு வாங்கி, மறுபடி களி கிண்டி, லாரித் தண்ணியில் கரைத்தார்கள். மிச்சத் தண்ணியைத் தெருவே குடத்தில் பிடித்துக்கொண்டு போயிற்று. செங்கொடி வீட்டுக் குடத்தைக் கிட்டே சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் அவள் வீட்டு மாவு வேண்டாம் என்று கமிட்டி தீர்ப்பு சொல்லிவிட்டது. ஜெகதீசன், "மானம் பூடுச்சு, மருவாதி பூடுச்சு," என்று மூலையில் குந்திக்கொண்டு புலம்பினான். காலையிலிருந்து தேய்த்தும் செங்கொடியின் கையில் அந்தத் தண்ணியின் வாடை போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டாள்.

சாயங்காலம் ரேகா ஒரு தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து வாசலிலேயே வைத்தாள். "கொயந்தைக்கு, யக்கா. நல்ல தண்ணி." கீர்த்தி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தது. ரேகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே குனிந்து, "யக்கா, போன வாரம்தானே நீ தலைக்கு ஊத்திகின? நெஜமாவே தூரமா?" என்றாள்.

செங்கொடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழம பக்கத்துத் தெருல கூழு. அவுங்க கொயாய்லயும் இதே தண்ணிதான் வருது," என்றாள். "ரெண்டு பேருமா போயி சொல்லுவோம். கேக்கலன்னா, இந்த வாட்டி நீ தூரம்."

ரேகா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.