சாம்பல் தொட்ட பிணைப்பு

எந்தப் புதிய பாகத்தைப் பூட்டினாலும், அதன் இரும்பு விளிம்பில் ஊசியால் ‘ந’ என்று கீறிவிட்டுப் பூட்டுவதே நதியாவின் வழக்கம். முசரவாக்கத்தில் கார்ப் பட்டறை திறந்த ஒன்பது ஆண்டுகளில் அவள் அதைத் தவறவிட்டதில்லை. “நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா என்னத்தான் வந்து கேக்கணும்” என்பாள்.

அத்தகையவளைப் பற்றித்தான் நெசவாளர் கலியாணசுந்தரம், பெரிய காஞ்சிபுரத்தில் ராஜவேலுவின் டீக்கடை வாசலில், பத்துப் பேர் கேட்கும்படி, “பழைய சென்சாரைத் தொடச்சி புதுசுன்னு மாட்டிட்டா. அந்த ஊரு ஆளுங்க புத்தியே அதான்” என்று சொல்லியிருந்தார். இன்ஜின் விடும் புகையை முகர்ந்து பார்த்து, எரிபொருள் கூடுதலா குறைவா என்று சொல்லும் சென்சார் அது. அவர் காரில் நதியா அதை மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரிந்தது. கோயில் வாசல் வாடகைக் கார்க்காரர்கள் டீ குடிப்பதும் அந்தக் கடையில்தான். அந்த வாரமே அவர்களில் மூவர் அவளுடைய பட்டறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்களும் நிறுத்திவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

“பெரிய மனுசங்கமா. சும்மா இன்னொண்ணு மாட்டிக் குடுத்துட்டு வந்துடு” என்றாள் அவள் தாய் பொன்னியம்மாள்.

“செய்யாத தப்புக்கா? மாட்டேம்மா.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, கருவிப்பெட்டியோடும், இன்ஜின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரோடும் அவள் அதே டீக்கடை வாசலில் வந்து நின்று, கலியாணசுந்தரத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்தார்.

“வீட்டாண்ட வாம்மா, அங்க பாத்துக்கலாம்.”

“எங்க சொன்னீங்களோ அங்கயே பாக்கலாம் ஐயா. வண்டியக் கொண்டாங்க.”

“கொண்டாந்தா? இன்னொரு பழச மாட்டவா?”

“யப்பா, பாய்லரை விட நீங்க ரெண்டு பேரும் சூடா இருக்கீங்களே!” என்றார் ராஜவேலு. தெரு சிரித்தது. நதியா சிரிக்கவில்லை.

கார் வந்தது. ஸ்கேனரைப் பொருத்தி இன்ஜினைச் சூடேறவிட்டாள். திரையில் ஒரு கோடு அசையாமல் கிடந்தது.

“நல்ல சென்சாருன்னா இந்தக் கோடு மேலயும் கீழயும் ஆடிக்கினே இருக்கணும். இது படுத்துக்கினு இருக்குது.”

“அதத்தானே நானும் சொன்னேன்! செத்த சென்சாரு.”

அவள் பானெட்டைத் திறந்து, சென்சாரின் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கறுப்பு டேப் சுற்றிய அந்த இடத்தை அழுத்தினாள். திரையில் கோடு துள்ளியது. விட்டாள், படுத்துக்கொண்டது.

“இது சாவல ஐயா. வாயக் கட்டி வெச்சிருக்காங்க.”

இன்ஜினை நிறுத்திவிட்டு டேப்பைப் பிரித்தாள். உள்ளே எலி கடித்த கம்பி. கதையில் வரும் எலியாக இருந்தால் முன்னால் வந்து சாட்சி சொல்லியிருக்கும். இந்த எலி தின்றதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விட்டது. ஆனால் அறுந்த முனைகளை யாரோ சீராகத் திரித்து, பட்டு இழையால் சுற்றியிருந்தார்கள். திரித்த இடத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது.

“சென்சாரு விளிம்புல என் எழுத்து இருக்குது. இதுல இருக்கறது யாரு எழுத்து?”

அந்த நெசவாளர் தெருவில் அதைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், புதுப் பாவு நூலைப் பழையதோடு பிணைக்கும்போது, இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுத் திரிப்பார்கள். எல்லோரும் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றார் அவர். “போன மாசம் எலி கடிச்சிருந்துது, பிணைச்சேன். முப்பது வருஷத்துல என் பிணைப்பு ஒண்ணுகூட விட்டதில்லமா. இது விட்டிருக்கும்னு தோணவே இல்ல.”

“பாவுக்குச் சாம்பல் சரி ஐயா. கம்பிக்கு ஆவாது. இதுல ஓடறது ஒரு வோல்டுகூட இல்ல. நடுவுல சாம்பல் நின்னா வண்டிக்கு ஒண்ணும் கேக்காது. பிணைச்சதுல கம்பியும் குட்டையாயி, சைலன்சர் பைப்புல பட்டு உருகிக் கெடக்குது. இப்பத்தான் மாத்தணும்.”

குழாயின் சூடு தணியும்வரை காத்திருந்து, பழையதைக் கழற்றினாள். பெட்டியிலிருந்து எடுத்த புதியதன் விளிம்பில் ‘ந’ என்று கீறி, முனையில் கை படாமல் பூட்டி, கம்பியைக் குழாயிலிருந்து விலக்கிக் கட்டினாள். மீண்டும் இன்ஜின் ஓடியது. சூடேறியதும் கோடு ஆடத் தொடங்கியது. எச்சரிக்கை விளக்கை அணைத்தாள். அது அணைந்தே இருந்தது.

கலியாணசுந்தரம் அவளருகில் குனிந்து, “தப்பாப் பேசிட்டேன்மா. மனசுல வெச்சிக்காத” என்றார்.

நதியா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அன்னிக்கும் இவ்ளோ மெதுவாவா பேசினீங்க?”

அவர் டீக்கடைப் படியில் ஏறினார். “எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தப் பொண்ணு போட்டது புதுசுதான். கெடுத்தது என் கை.” அவள் இன்னும் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, குரலை உயர்த்தினார். “அவங்க ஊர்க்காரங்களப் பத்திப் பேசினதும் என் வாய்க்கொழுப்புதான்.”

“கார்க்காரங்க மூணு பேரு இங்க இல்லியே ஐயா.”

“தெரியும்மா” என்றவர், கழற்றிய சென்சாரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கோயில் வாசலை நோக்கி நடந்தார். அதன் ஒரு முனையில் அவள் எழுத்தும் மறுமுனையில் அவருடைய பிணைப்பும் இருந்தன.